'இனெவிட்டப்ளி'னா என்ன? லீவ் லெட்டர் முதல் லே-ஆஃப் நோட்டீஸ் வரை... இந்த ஒரு வார்த்தையை எப்படிப் புரிந்துகொள்வது?

சோழவரம், காரனோடை, தச்சூர் பக்கத்திலிருந்து தினமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்களுக்கு ஆங்கிலம் புதுசு கிடையாது. ஷிப்ட் மாற்றம், ஓ.டி., பி.எஃப்., மெமோ எல்லாமே ஆங்கிலத்தில்தான் வரும். பாதி வார்த்தைக்கு அர்த்தம் பழகிப்போயிருக்கும். ஆனா சில வார்த்தைகள் மட்டும், பார்த்த மாதிரியும் இருக்கும், பிடிபடாத மாதிரியும் இருக்கும். அப்படி ஒன்றுதான் 'இனெவிட்டப்ளி'.

உற்பத்தி இனெவிட்டப்ளி பாதிக்கப்படும், ஆள்குறைப்பு இனெவிட்டப்ளி நடக்கும், நீர்மட்டம் இனெவிட்டப்ளி உயரும் என்று ஆங்கிலச் செய்தியிலும் ஆபீஸ் சுற்றறிக்கையிலும் இது அடிக்கடி தலைகாட்டுகிறது. கூகுளில் தட்டினால் 'தவிர்க்க முடியாமல்' என்று ஒரு வரியில் பதில் வரும். அது தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நோட்டீஸைப் படித்தால், அதில் யார் என்ன செய்தார்கள் என்பதே கண்ணில் படாமல் போய்விட வாய்ப்பு இருக்கிறது.

சுருக்கமா சொன்னா?

ஒரு காரணம் இருக்கிறது. அதன் விளைவு வந்தே தீரும். நடுவில் யார் என்ன செய்தாலும் அதை நிறுத்த முடியாது. அந்த 'வந்தே தீரும்' என்பதைத்தான் ஆங்கிலம் இனெவிட்டப்ளி என்ற ஒற்றை வினையடையில் சொல்கிறது. இதன் பெயரடை 'இனெவிட்டபிள்', அதாவது தவிர்க்க முடியாத. பெயர்ச்சொல் 'இனெவிட்டபிலிட்டி', தவிர்க்க முடியாத தன்மை.

உச்சரிப்பில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'இன்வைட்' பழகிய நாக்கு இதையும் 'இன்எவைடபிளி' என்று இழுத்துவிடும். அங்கே 'வை' கிடையாது, 'வி'தான். இ-னெ-வி-ட்ட-ப்ளி. அழுத்தம் இரண்டாவது அசையான 'னெ' மேல் விழ வேண்டும். முதல் 'இ' சத்தமில்லாமல் வந்து போக வேண்டும்.

வேர் லத்தீன். 'எவிட்டாரே' என்றால் விலகிப்போ, தவிர். அதற்கு முன்னால் 'இன்' என்ற எதிர்மறை ஒட்டு. ஆக, 'விலக முடியாத'. 15-ம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். தமிழில் நாம் சொல்லும் 'தவிர்க்க + முடியாத' என்பதும் அச்சு அசலாக அதே கட்டுமானம்தான். அதனால்தான் பத்திரிகைத் தமிழில் அது இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது.

தமிழ் இதை வேறு மாதிரி சொல்லும்

ஆனா நம்ம ஊரில் யாராவது பேசும்போது 'தவிர்க்க இயலாதவாறு மழை வரும்' என்பார்களா? மாட்டார்கள். 'மழை வந்தே தீரும்' என்பார்கள். 'வராம போகாது' என்பார்கள். 'எப்படியும் வரும்' என்பார்கள்.

ஆங்கிலம் தனியாக ஒரு வினையடையைக் கொண்டுவந்து வைக்கிற இடத்தில், தமிழ் அந்த வேலையை வினைச்சொல்லுக்குள்ளேயே முடித்துவிடுகிறது. 'வந்து' என்ற வினையெச்சத்தோடு ஒரு 'ஏ' சேர்கிறது. பிறகு 'தீரும்'. தீர்தல் என்றால் முடிதல். தண்ணி தீர்ந்துபோச்சு, காசு தீர்ந்துபோச்சு என்கிறோமே, அதே தீர்தல். 'நடந்தே தீரும்' என்றால், அது நடக்காமல் இந்த விஷயம் முடிவுக்கு வராது என்று பொருள். வழக்குக்குத் 'தீர்ப்பு' வருவதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. 'ஏரி நிரம்பியே தீரும்' என்றால் இனெவிட்டப்ளி. ஆனால் 'நான் வாங்கியே தீருவேன்' என்றால்? அது பிடிவாதம். ஆங்கிலத்தில் அதற்கு இனெவிட்டப்ளி போடவே முடியாது. 'நீ பதில் சொல்லியே தீரணும்' என்றால் அது கட்டாயம், கிட்டத்தட்ட மிரட்டல். ஒரே 'தீர்'தான். யார் மேல் ஏறி உட்காருகிறது என்பதைப் பொறுத்து நிலைமை, வைராக்கியம், உத்தரவு என்று மூன்றாகப் பிரிகிறது. இனெவிட்டப்ளி இந்த மூன்றில் முதலாவதுக்கு மட்டும்தான் பொருந்தும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டுமென்றால் 'பாதிக்காமல் இருக்காது', 'குறையாமல் போகாது' என்ற இரட்டை எதிர்மறை கைகொடுக்கும். ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் 'தவிர்க்க முடியாத வகையில்' என்று எழுதுவதைவிட, இந்த இரண்டில் ஒன்றைப் போட்டாலே வாக்கியம் தமிழ் மாதிரி இருக்கும்.

பழைய தமிழில் 'ஒருதலை' என்ற சொல்லும் உண்டு. உறுதி, நிச்சயம் என்ற பொருளில் வரும். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் 'ஒருதலைக் காதல்'தான் ஞாபகம் வரும். அந்தக் காதலில் நிச்சயம் என்று எதுவுமே கிடையாது என்பது வேறு கதை.

நிச்சயமாக, கட்டாயமாக, அவசியம்... எல்லாம் ஒண்ணா?

இல்லை. இங்கேதான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

'நிச்சயமாக' என்பது சொல்பவரின் நம்பிக்கை. 'நாளைக்கு நிச்சயமா வர்றேன்' என்று சொல்லிவிட்டு வராமலும் இருக்கலாம். அதற்கு ஆங்கிலத்தில் 'டெஃபினட்லி', 'சர்ட்டன்லி'. 'கட்டாயமாக' என்பது விதி. யாரோ போட்ட உத்தரவு. அதற்கு 'கம்பல்சரி', 'மேண்டேட்டரி'. ஹெல்மெட் கட்டாயம் என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது இனெவிட்டப்ளி என்று போட்டால், ஹெல்மெட் தானாகவே வந்து தலையில் ஏறிவிடும் என்கிற மாதிரி ஆகிவிடும். 'மீட்டிங்குக்கு எல்லாரும் இனெவிட்டப்ளி வரவும்' என்று எழுதுவதும் இதே தப்புதான்.

'அவசியம்' கதை இன்னும் வேடிக்கை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கும்போது 'அவசியம் வந்துடுங்க' என்கிறோம். அது வேண்டுகோள். ஆனால் அந்தச் சொல் வந்தது வடமொழி 'அவச்யம்' என்பதிலிருந்து. வசப்படாதது, கட்டுக்குள் வராதது என்பது அதன் உள்பொருள். அதாவது, கிட்டத்தட்ட இனெவிட்டப்ளியேதான். தமிழுக்கு வந்து பழகிப் பழகி, அழைப்பிதழ் வார்த்தையாக மாறிவிட்டது.

கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சொல்லும் காதில் விழும். 'அனிவார்ய'. தடுக்க முடியாதது என்பது இதன் பொருள். ஆனால் இந்திக்காரரிடம் கேட்டால் ஹெல்மெட் 'அனிவார்ய', பாதுகாப்பு ஷூ 'அனிவார்ய' என்பார். அவருக்கு அது 'கட்டாயம்'. எல்லை தாண்டி தடா, சூலூர்பேட்டை பக்கத்துத் தெலுங்குக்காரர் 'அனிவார்ய காரணால வல்ல' என்பார். அவருக்கு அது 'தவிர்க்க முடியாத காரணங்களால்'. ஒரே ஷாப் ஃப்ளோரில் ஒரே சொல், ஒருவருக்கு உத்தரவு, இன்னொருவருக்கு நிலைமை. தமிழில் நல்லவேளையாக இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. அதைக் கலக்காமல் இருந்தால் போதும்.

அப்போ 'தவிர்க்க முடியாத காரணங்களால்'?

நிகழ்ச்சி ரத்து, தேர்வு ஒத்திவைப்பு, ரயில் தாமதம் என எல்லா அறிவிப்பிலும் வருகிற வரி இது. லீவ் லெட்டரில் ஆங்கிலத்தில் 'ட்யூ டு அனவாய்டபிள் சர்க்கம்ஸ்டன்ஸஸ்'. இங்கே வரும் சொல் 'அனவாய்டபிள்'. இனெவிட்டபிள் அல்ல. தமிழில் இரண்டுக்கும் ஒரே மொழிபெயர்ப்பு விழுவதால் இரண்டும் ஒன்று என்று தோன்றும்.

வித்தியாசம் சின்னதுதான், ஆனால் முக்கியம். அனவாய்டபிள் என்பது பெரும்பாலும் திரும்பிப் பார்த்துச் சொல்வது. ஏதோ ஒன்று குறுக்கே வந்தது, ஒதுங்க முடியவில்லை. வேறு மாதிரி நடந்திருக்கவும் வாய்ப்பு இருந்தது. இனெவிட்டபிள் அப்படியில்லை. ஆரம்பத்திலேயே அதன் முடிவு தெரியும் என்கிற தொனி அதில் இருக்கிறது. அதனால்தான் லீவ் லெட்டரில் 'இனெவிட்டப்ளி எனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது' என்று எழுதினால் சூப்பர்வைசர் சிரிப்பார். காய்ச்சல் வருவது என்ன விதியா?

விதி என்றதும் 'ஊழ்' ஞாபகம் வரலாம். திருக்குறளில் அறத்துப்பாலின் கடைசி அதிகாரம், 38-வது, அதன் பெயரே ஊழ். இனெவிட்டப்ளியை ஊழ் என்று சொல்லலாமா என்றால், கூடாது. ஊழ் என்பது முன்பே எழுதப்பட்டது என்ற நம்பிக்கை. இனெவிட்டப்ளிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரிகிற ஒரு காரணம் இருக்க வேண்டும். போதாக்குறைக்கு, அதே வள்ளுவர் 62-வது அதிகாரமான ஆள்வினையுடைமையில், விடாமல் முயல்கிறவர் ஊழையே பின்னுக்குத் தள்ளிவிடுவார் என்கிறார். அப்படிப் பார்த்தால் வள்ளுவரின் ஊழ்கூட முழு இனெவிட்டபிள் இல்லை.

எப்போதிலிருந்து தவிர்க்க முடியாதது? கவரைப்பேட்டையைப் பாருங்கள்

இந்த வார்த்தையை எங்கே பார்த்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த நிமிஷத்திலிருந்து அது தவிர்க்க முடியாததாக ஆனது?

2024 அக்டோபர் 11, ராத்திரி எட்டரை மணி அளவில். மைசூருவிலிருந்து தர்பங்கா போய்க்கொண்டிருந்த பாக்மதி எக்ஸ்பிரஸ், கும்மிடிப்பூண்டிக்கு முந்தைய கவரைப்பேட்டை ஸ்டேஷனில், லூப் லைனில் நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. பெட்டிகள் தடம்புரண்டன, தீப்பிடித்தது. பலர் காயமடைந்தார்கள். நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. மெயின் லைனில் போக சிக்னல் கொடுக்கப்பட்டிருந்த ரயில், லூப் லைனுக்குள் நுழைந்துவிட்டது. அதுதான் சிக்கல்.

அந்த வேகத்தில், சரக்கு ரயில் நின்ற பாதைக்குள் ரயில் திரும்பிய பிறகு மோதல் இனெவிட்டபிள். பிரேக் போட்டாலும் அத்தனை டன் இரும்பு அவ்வளவு தூரத்தில் நிற்காது. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால்? இனெவிட்டபிள் கிடையாது. பாதை மாறும் இடம் சரியாக இருந்திருந்தால் அந்த ரயில் விசில் அடித்துக்கொண்டு கவரைப்பேட்டையைத் தாண்டிப் போயிருக்கும்.

'மோதல் தவிர்க்க முடியாததாகிவிட்டது' என்று ஒரு செய்தி எழுதலாம், அது உண்மை. 'விபத்து தவிர்க்க முடியாதது' என்று எழுதினால் அது வேறு. முதல் வாக்கியத்தில் கடைசிச் சில விநாடிகள்தான் இருக்கின்றன. இரண்டாவது வாக்கியம் அதற்கு முந்தைய எல்லாவற்றையும் சேர்த்து மூடிவிடுகிறது. பாயின்ட் யார் பொறுப்பு, பராமரிப்பு என்ன, யாராவது கை வைத்தார்களா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விடும். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை என்று ஒன்று நடப்பதே அந்த முந்தைய நிமிஷங்களைத் தேடத்தான்.

ஏரியும் இப்படித்தான்

சோழவரம்னா பழைய ஆட்களுக்கு இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுபாதையில் நடந்த கார், பைக் ரேஸ் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு ஏரி. 1,081 மில்லியன் கன அடி கொள்ளளவு. பூண்டி 3,231, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. இவற்றோடு பார்த்தால் சின்ன ஏரிதான். ஆனால் பூண்டித் தண்ணீர் கால்வாய் வழியாகச் சோழவரத்துக்கும், அங்கிருந்து புழலுக்கும் போகிற சங்கிலியில் நடுக் கண்ணி இது. பூண்டி நிரம்பி வழிந்தால் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, தாமரைப்பாக்கம், காரனோடை தாண்டி எண்ணூரில் கடலில் சேரும்.

இந்தப் பாதை ஊரறிந்தது. அதனால், பூண்டியில் பெரிய அளவில் தண்ணீர் திறந்தால் காரனோடையில் ஆற்றின் மட்டம் இனெவிட்டப்ளி உயரும் என்று எழுதுவது மிகச் சரியான பயன்பாடு. தண்ணீர் மேட்டுக்கு ஏறாது. இதில் யாருடைய முடிவும் குறுக்கே வராது. ஆனால் 'கரையோர வீடுகள் இனெவிட்டப்ளி மூழ்கும்' என்றால் அது சரியான பயன்பாடு இல்லை. கரை உயரம், ஆக்கிரமிப்பு, எவ்வளவு நேரம் முன்னால் எச்சரிக்கை வந்தது, எத்தனை மணிக்கு எவ்வளவு திறந்தார்கள் என்று நடுவில் மனிதர்கள் எடுக்கும் முடிவுகள் ஏராளமாக இருக்கின்றன.

2015 வெள்ளத்தில் தமிழ்நாடு பார்த்த சண்டையே இந்தச் சொல்லைச் சுற்றித்தான். டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. வரலாறு காணாத மழை, வேறு வழியே இல்லை என்பது அப்போது அரசுத் தரப்பு கொடுத்த விளக்கம். ஆங்கிலத்தில் சொன்னால், வெள்ளம் இனெவிட்டபிள். 2018 ஜூலையில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை அதை ஏற்கவில்லை. அது மனிதர்களால் உண்டான பேரிடர் என்றது. இரண்டு தரப்பும் பேசியது ஒரே மழையைப் பற்றித்தான். எந்தக் கட்டத்திலிருந்து வெள்ளம் தவிர்க்க முடியாததாக ஆனது என்பதில்தான் வித்தியாசம். மழை கொட்டிய பிறகா, இல்லை அதற்கு முந்தைய நாட்களில் ஏரியில் இடம் விடாமல் வைத்திருந்தபோதா?

வறட்சிக்கும் இதே கணக்குதான். 2019 ஜூனில் சென்னையின் நான்கு ஏரிகளும் கிட்டத்தட்ட வறண்டு, சோழவரம் ஏரி மைதானம் மாதிரி கிடந்தது. ஜூலை 12-ல் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீருடன் முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. மழை பொய்த்தால் ஏரி இனெவிட்டப்ளி இறங்கும், சரி. குழாயில் தண்ணீர் வருமா, வராதா என்பது அப்படியல்ல. பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஓடுகிறது. மழைக்கும் குழாய்க்கும் நடுவில் மனிதர்கள் வைத்த ஒரு ஏற்பாடு அது.

கோர்ட்டில் இந்த வார்த்தைக்கு வேற மரியாதை

சட்டத்தில் 'இனெவிட்டபிள் ஆக்சிடென்ட்' என்றே ஒரு தற்காப்பு வாதம் உண்டு. சாதாரணமாக ஒருவர் எடுக்க வேண்டிய எல்லா எச்சரிக்கையும் எடுத்தும், நடந்தே தீர்ந்த விபத்து என்று பொருள். இதைச் சொன்னால் மட்டும் போதாது. எச்சரிக்கையாக இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டும்.

தொழிற்பேட்டைக்காரர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது அடுத்த விஷயம். 1985 டிசம்பரில் டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்தது. போபால் நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எம்.சி.மேத்தா தொடர்ந்த அந்த வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது. ஆபத்தான, இயல்பிலேயே அபாயம் உள்ள தொழில் நடத்துகிறவர், கசிவால் யாருக்காவது பாதிப்பு என்றால் முழுப் பொறுப்பு. கவனமாகத்தான் இருந்தோம், தவிர்க்க முடியவில்லை, இயற்கைச் சீற்றம் என்ற விதிவிலக்குகள் எதுவும் அங்கே செல்லாது. எண்ணூரில் 2023 டிசம்பர் 26 ராத்திரி, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு ஓடியது பலருக்கு ஞாபகம் இருக்கும். அப்படி ஒரு சம்பவத்தில் 'தவிர்க்க முடியாதது' என்ற சொல் செய்திக்குறிப்பில் வரலாம். இழப்பீட்டுக் கணக்கில் அதற்கு மதிப்பு இல்லை.

ரயில் விபத்திலும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1989 ரயில்வே சட்டத்தின் 124-வது பிரிவுப்படி, ரயில்கள் மோதினாலோ பயணிகள் ரயில் தடம்புரண்டாலோ, ரயில்வே மேல் தப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமலேயே பாதிக்கப்பட்ட பயணிக்கு இழப்பீடு உண்டு.

நோட்டீஸில் வந்தால் என்ன பார்ப்பது?

ஆர்டர் குறைந்துவிட்டது, அதனால் ஆள்குறைப்பு இனெவிட்டபிள் என்று ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு பாதி இருக்கிறது. ஆர்டர் குறைந்தது என்பது நடந்த விஷயம். ஆள்குறைப்பு என்பது அதற்கு ஒருவர் எடுத்த முடிவு. ஷிப்டைக் குறைப்பது, ஓ.டி.யை நிறுத்துவது, சில நாள் லே-ஆஃப் கொடுப்பது என்று வேறு வழிகளும் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். இனெவிட்டப்ளி என்ற சொல் அந்த முடிவை எடுத்த ஆளை வாக்கியத்திலிருந்து அழகாக வெளியே அனுப்பிவிடுகிறது. 'நாங்கள் குறைக்கிறோம்' என்பது 'குறையத்தான் செய்யும்' என்று மாறிவிடுகிறது.

சட்டம் இந்த வார்த்தையைக் கண்டு அசருவதில்லை. 1947 தொழில் தகராறு சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2020 தொழில் உறவுத் தொகுப்பிலும் சரி, லே-ஆஃப் என்றால் எந்தெந்தக் காரணத்துக்கு என்று பட்டியலே இருக்கிறது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் தட்டுப்பாடு, சரக்குத் தேக்கம், இயந்திரக் கோளாறு, இயற்கைப் பேரிடர் என்று நீளும். தகுதியுள்ள தொழிலாளிக்கு அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. ஆள்குறைப்பு என்றால், ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். அதோடு முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம். கடிதத்தில் இனெவிட்டபிள் என்று இருந்தாலும் இந்தத் தொகை குறையாது. அதனால் கையெழுத்துப் போடும் முன்னால் அந்தச் சொல்லைத் தாண்டி, காரணம் என்ன எழுதியிருக்கிறது, தேதி என்ன, எவ்வளவு என்று கீழே வரைக்கும் படிப்பது நல்லது.

வாக்கியத்தில் எங்கே வைப்பது?

எழுதும்போது இரண்டு இடம்தான் முக்கியம். எதிர்காலத்தைச் சொல்லும் 'வில்'லுக்கும் வினைச்சொல்லுக்கும் நடுவில் வைக்கலாம். 'வில் இனெவிட்டப்ளி ரைஸ்' என்றால் உயர்ந்தே தீரும். இல்லையென்றால் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே போட்டு ஒரு காற்புள்ளி வைக்கலாம். அப்போது தொனியே மாறிவிடும். நல்லூர் டோல்கேட் தாண்டினால் டிராஃபிக், மழை பெய்தால் கரண்ட் கட், அவசரமாகப் போகும்போது மீஞ்சூர் கேட் மூடியிருக்கும். இதையெல்லாம் 'இனெவிட்டப்ளி,' என்று ஆரம்பித்துச் சொன்னால் அங்கே தத்துவம் எதுவும் இல்லை, அலுப்புதான். தமிழில் அதற்குச் சரியான ஜோடி 'சொல்லி வச்ச மாதிரி'. 'எதிர்பார்த்தபடியே', 'வழக்கம்போல' என்பதும் ஓடும். இந்த இடத்தில் போய் 'தவிர்க்க இயலாதவாறு கேட் மூடியிருந்தது' என்று மொழிபெயர்த்தால் கிண்டல் செத்துவிடும்.

எதிர்மறையிலும் இது நன்றாக வேலை செய்யும், அதுவும் மருத்துவச் செய்திகளில். பெற்றோருக்குச் சர்க்கரை நோய் இருந்தால் பிள்ளைக்கு 'நாட் இனெவிட்டப்ளி' என்று ஒரு டாக்டர் சொன்னால், வராது என்று அர்த்தம் இல்லை. 'வந்தே தீரும்னு இல்ல' என்று அர்த்தம். வாய்ப்பு அதிகம், ஆனால் விதி இல்லை. இதை 'வராது' என்று புரிந்துகொண்டு டெஸ்டே எடுக்காமல் விடுகிறவர்களும் உண்டு.

இதே குடும்பத்தில் 'இனெக்ஸரப்ளி' என்று ஒன்று வரும். அது கெஞ்சினாலும் மசியாமல், நிற்காமல் முன்னேறுவது. கடல் கரையை அரிப்பது மாதிரி. முடிவு உறுதி என்பதைவிட, போகிற போக்கு இரக்கமில்லாதது என்பதுதான் அதில் முக்கியம். 'நெசசரிலி' இன்னொன்று. அது தர்க்கம். சதுரத்துக்கு நாலு பக்கம் இருக்கிறது என்கிற மாதிரி. அங்கே நேரம் போய் ஒன்று நடக்க வேண்டியதில்லை.

அரசியலிலும் இந்தச் சொல்லுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1848-ல் மார்க்ஸும் எங்கெல்ஸும் எழுதிய கம்யூனிஸ்ட் அறிக்கையின் முதல் அத்தியாயமே, பாட்டாளிகளின் வெற்றி தவிர்க்க முடியாதது என்ற கருத்தோடுதான் முடியும். தொழிற்சங்க மேடைகளில் 'வரலாற்றின் தவிர்க்க முடியாத' என்று ஆரம்பிக்கும் பேச்சுக்கு வேர் அங்கே. அதற்கு நேர் எதிராக, வரலாறு இப்படி முன்கூட்டி முடிவானது என்ற பார்வையை விமர்சித்து ஐசையா பெர்லின் 1953-ல் லண்டனில் ஒரு சொற்பொழிவே நடத்தினார். தலைப்பு, 'ஹிஸ்டாரிக்கல் இனெவிட்டபிலிட்டி'.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்தச் சொல் அறிமுகமானது மார்க்ஸ் வழியாகவும் இல்லை, பெர்லின் வழியாகவும் இல்லை. 2019-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்தில் வில்லன் தானோஸ் தன்னைத் தானே இனெவிட்டபிள் என்று அறிவித்துக்கொள்வான். அடுத்த சில விநாடிகளில் என்ன ஆனான் என்பது படம் பார்த்த எல்லாருக்கும் தெரியும்.